சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எத்தனை கி.மீ., எத்தனை மணி நேரம்?

கேள்வி இது: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? ஓரிடத்தில் 15,300 கி.மீ. என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 16,700 என்று இருக்கிறது. டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்தால் ஆறு மணி நேரம்கூட வரவில்லை. எதை நம்புவது?

மூன்றையும் நம்பலாம். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது பூமியின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். இரண்டாவது விமானம் உண்மையில் பறக்கும் பாதையின் நீளம். மூன்றாவது தூரமும் அல்ல, நேரமும் அல்ல. இரண்டு ஊர்க் கடிகாரங்களின் வித்தியாசம் அதில் கலந்திருக்கிறது.

சுருக்கமான விடை வேண்டுபவர்களுக்கு: சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜே.எஃப்.கே. விமான நிலையம் வரை குறுகிய தூரம் 15,349 கி.மீ. நேரடி விமானத்தில் ஏறினால் கேட்டிலிருந்து கேட் வரை ஏறத்தாழ 18½ முதல் 19 மணி நேரம். 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பகுதியின் நியூவார்க் நிலையத்துக்கு நேரடிச் சேவை தொடங்கியபோது அறிவித்த பாதைத் தூரம் சுமார் 16,700 கி.மீ., பறக்கும் நேரம் அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம். 2020 நவம்பரில் ஜே.எஃப்.கே.வுக்கும் நேரடிச் சேவை வந்தது. இரண்டு நிலையங்களுக்கும் தூரத்தில் ஐந்து கி.மீ. அளவுதான் வித்தியாசம்.

இனி விரிவாக. இந்த ஒரு ஜோடியை வைத்துப் புரிந்துகொண்டால் உலகின் எந்த இரு நகரங்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

குறுகிய தூரத்தை நீங்களே கணக்கிடுவது

உலக உருண்டை ஒன்றை எடுத்து இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகப் போய் உட்காரும் கோடுதான் குறுகிய பாதை. அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் பூமியை இரு சம பாதிகளாகப் பிளக்கும் வட்டம் கிடைக்கும். அதனால் அதைப் பெருவட்டப் பாதை என்கிறோம்.

நூலுக்குப் பதில் கால்குலேட்டரில் செய்ய இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. ஜே.எஃப்.கே.: வடக்கு 40.64, மேற்கு 73.78. வடக்கும் கிழக்கும் பிளஸ். தெற்கும் மேற்கும் மைனஸ். ஆகவே நியூயார்க்கின் தீர்க்கரேகை −73.78.

1. தீர்க்கரேகைகளின் வித்தியாசம்: 103.99 − (−73.78) = 177.77 டிகிரி.
2. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.02373 × 0.65130 = 0.01546.
3. இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.99972 × 0.75882 × (−0.99924) = −0.75803.
4. இரண்டையும் கூட்டினால் −0.74257. இதன் தலைகீழ்க் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) 137.95 டிகிரி.
5. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது 111.195 கி.மீ. பெருக்கினால் 15,339 கி.மீ.

மேலே சொன்ன 15,349-க்கும் இதற்கும் பத்து கி.மீ. வித்தியாசம் வருகிறதே என்றால், இந்தக் கணக்கு பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான உருண்டையாக வைத்துக்கொள்கிறது. உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை: நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதைச் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் உண்டு. உருண்டைக் கணக்கின் பிழை பொதுவாக அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இங்கே வந்திருக்கும் பத்து கி.மீ. என்பது விமானத்துக்கு ஒரு நிமிடம்கூட இல்லை, விட்டுவிடலாம்.

விடக்கூடாத பிழைகள் வேறு. முதலாவது, மைனஸை மறப்பது. 73.78-ஐ கிழக்காகப் போட்டால் நீங்கள் போய் நிற்கும் இடம் கிர்கிஸ்தான் மலைப்பகுதி. விடை 5,300 கி.மீ. என்று வரும். விடை பார்க்க நியாயமான எண்ணாகவே இருப்பதால் தவறு கண்ணில் படாது. இரண்டாவது, டிகிரி–நிமிடத்தைத் தசமமாக எடுத்துக்கொள்வது. 40 டிகிரி 38 நிமிடம் என்பது 40.38 அல்ல, 38-ஐ 60-ஆல் வகுத்து 40.63. இதில் மட்டும் 28 கி.மீ. போய்விடும். மூன்றாவது, கால்குலேட்டர் ரேடியனில் இருப்பது. இது நடந்தால் விடை கன்னாபின்னாவென்று இருக்கும் என்பதால் உடனே தெரிந்துவிடும்.

நான்காவதும் ஒன்று உண்டு, அதுதான் அதிகம் குழப்புவது: அலகு. விமானத் துறை கடல்மைலில் பேசுகிறது. ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். பயணிகளுக்கான சலுகைப் புள்ளிகள் பெரும்பாலும் சாதாரண மைலில். ஒரு மைல் 1,609 மீட்டர். 15,349 கி.மீ. என்பது 9,537 மைல், கடல்மைலில் 8,288. ஒரே தூரத்துக்கு மூன்று எண்கள். எங்கே எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அலகைப் பாருங்கள்.

தட்டை வரைபடம் செய்யும் வேலை

சிங்கப்பூர்–நியூயார்க் பெருவட்டக் கோடு எங்கே போகிறது தெரியுமா? கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பி, கம்போடியா, லாவோஸ், சீனா வழியாக மங்கோலியாவைக் கடந்து, சைபீரியாவைத் தாண்டி, வட துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ. மட்டுமே விலகிப் போய், மறுபக்கம் கனடாவின் பனித் தீவுகள், கியூபெக் வழியாக நியூயார்க்குக்கு இறங்குகிறது. சுவரில் மாட்டும் வரைபடத்தைப் பார்த்து யாருக்கும் இது தோன்றாது. அந்த வரைபடம் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலத்தை அகலமாக இழுத்துக் காட்டுகிறது. அதில் நேர்கோடாகத் தெரிவது உருண்டையில் சுற்றுவழி.

எவ்வளவு சுற்று என்பதைப் பார்க்க பெய்ஜிங்–நியூயார்க் ஜோடி நல்ல உதாரணம். இரண்டும் ஏறக்குறைய 40 டிகிரி வடக்கில் இருக்கின்றன. அந்த அட்சரேகையிலேயே நேர் கிழக்காகப் போனால் சுமார் 14,370 கி.மீ. பெருவட்டத்தில் ஆர்க்டிக் வழியாகப் போனால் சுமார் 10,980 கி.மீ. மூவாயிரத்து முந்நூறு கி.மீ.க்கு மேல், அதாவது நான்கு மணி நேரப் பறப்பு, மிச்சம். விமானம் ஏன் வடக்கே வளைந்து போகிறது என்று இருக்கைத் திரையைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: வளைந்திருப்பது வரைபடம்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டிலும் போவதில்லை

15,349 கி.மீ. குறுகிய பாதை இருக்கும்போது 16,700 கி.மீ. ஏன் பறக்க வேண்டும்? வேகம் காற்றுக்குள் கிடைக்கிறது, தரைமேல் அல்ல என்பதுதான் காரணம்.

ஏ350, 787 போன்ற பெரிய விமானங்கள் பொதுவாக மாக் 0.85 அளவில், அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில், பறக்கின்றன. பதினொரு கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி அளவில். அங்கே ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,062 கி.மீ. ஆக விமானத்தின் வேகம் ஏறத்தாழ 900 கி.மீ. இது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே மணிக்கு 150 கி.மீ.யில் கிழக்கு நோக்கி ஓடினால், கிழக்கே போகும் விமானம் தரைமேல் 1,050-இல் போகும். மேற்கே போவது 750-இல் போகும்.

அப்படி ஓடும் காற்றைத்தான் ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். இரு அரைக்கோளங்களிலும், பெரும்பாலும் 30 முதல் 60 டிகிரி அட்சரேகைகளுக்குள், 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் குறுகிய ஆறு அது. வெப்ப மண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் உள்ள வெப்ப வித்தியாசம்தான் அதன் எரிபொருள். குளிர்காலத்தில் அந்த வித்தியாசம் கூடுவதால் காற்றும் வலுக்கும். சில இடங்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் நேரத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் பறந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை அது மீறவில்லை. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் இருந்தது, காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

இப்போது சிங்கப்பூர்–நியூயார்க்குக்கு வாருங்கள். துருவம் வழியான கோட்டில் இந்தக் காற்று குறுக்கே அடிக்கும், உதவாது. பசிபிக் மேல் கிழக்காகப் போனால் பாதை நீளும், ஆனால் முதுகில் காற்று. சராசரி பின்காற்று மணிக்கு 50 கி.மீ. கிடைத்தாலே 16,700-ஐ 950-ஆல் வகுக்க 17 மணி 35 நிமிடம். ஏற, இறங்க, தரையில் உருள ஒரு மணி நேரம் சேர்த்தால் 18½ மணி நேரம் சொச்சம். குறுகிய பாதையில் காற்றே இல்லாமல் பறந்தால் வரும் நேரத்திலிருந்து இது அரை மணி நேரம்தான் கூடுதல். துருவத்துக்கு அருகே பறப்பதில் உள்ள சிக்கல்கள் (கீழே சொல்கிறேன்) எதுவும் இல்லாமல் அந்த அரை மணி நேரம் மலிவு.

இந்த ஜோடியில் இன்னொரு அழகு உண்டு. இரு நகரங்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய எதிரெதிர் என்பதால் திரும்பி வரும் விமானமும் பல நாட்களில் கிழக்காகவே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, வருகிறது. போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று. போய்த் திரும்பிய பயணி உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டிருப்பார். ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை தீர்மானமாகிறது. அதனால் திங்களன்று பறந்த கோட்டில் செவ்வாயன்று பறக்க மாட்டார்கள்.

மற்ற ஜோடிகளுக்கு இந்த வசதி இல்லை. லண்டன்–நியூயார்க் சுமார் 5,540 கி.மீ.; மேற்கே போக எட்டு மணி நேரம் ஒட்டி, கிழக்கே வர ஏழு மணி நேரம் ஒட்டி அட்டவணை இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ்–டோக்கியோ சுமார் 8,800 கி.மீ.; போக பன்னிரண்டுக்கு அருகே, குளிர்காலத்தில் வர பத்துக்கு அருகே. வடக்கு–தெற்காகப் போகும் லண்டன்–ஜோகன்னஸ்பர்க்கில் இரு திசையிலும் பதினொரு மணி நேரத்தைச் சுற்றியே நிற்கும்.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பிக் கொடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடுக்காது. 9,000 கி.மீ., வேகம் 900, காற்று 100 என்று வைத்துப் பாருங்கள். காற்றில்லாமல் போக 10, வர 10, மொத்தம் 20 மணி நேரம். காற்றோடு 9 மணி நேரம், எதிர்த்து 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்பதால் இழப்பு எப்போதும் லாபத்தைவிடப் பெரிது.

பூமி சுழல்வதால்தான் ஒரு திசையில் சீக்கிரம் போகிறது என்ற விளக்கம் பரவலாக இருக்கிறது, அது தவறு. நடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்காகச் சுழல்கிறது, காற்று மண்டலமும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் மேலே தொங்கிக்கொண்டிருக்க ஊர் தேடி வரும் என்பது உண்மையானால் மேற்கே போகும் பயணம்தான் சுருங்க வேண்டும். நடப்பது நேரெதிர்.

காற்றைத் தவிரப் பாதையை வளைப்பவை

முதலில் அனுமதி. வான்வெளி கீழே உள்ள நாட்டுக்குச் சொந்தம். இதன் விலை என்ன என்பதை 2022 காட்டியது. ஹெல்சிங்கி–டோக்கியோ குறுகிய தூரம் சுமார் 7,800 கி.மீ.; ரஷ்ய வான்வெளி வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டிவந்து, சுமார் 13 மணி நேரமானது. தூரம் பார்க்கும் தளங்களில் இன்றும் 7,800-தான் இருக்கும். ஒரே நகர ஜோடிக்கு இரு நிறுவனங்களின் நேரம் ஒன்றிரண்டு மணி வேறுபட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது, இரண்டே என்ஜின் உள்ள விமானத்தில் ஒன்று நின்றால் மற்றதை வைத்து எவ்வளவு நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்ற விதி. ஈட்டாப்ஸ் என்பார்கள். பழைய வரம்பு 60 நிமிடம். 1985-இல் 120 ஆனது, பிறகு 180. இன்று ஏ350-க்கு 370 நிமிடம் வரை சான்று உண்டு. அதனால் பெரும் சமுத்திரங்களைச் சுற்ற வேண்டிய தேவை முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது.

திபெத் பீடபூமியின் மேல் பறப்பதைத் தவிர்ப்பதற்குக் காரணம் என்ஜினைவிட மூச்சு. கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் உடனே சுமார் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரம் ஒட்டித்தான். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். இறங்க இடமில்லை. கூடுதல் ஆக்சிஜனும் முன்கூட்டியே வரைந்த, தப்பித்து வெளியேறும் பாதைகளும் இருந்தால்தான் அங்கே பறக்கலாம்.

துருவப் பகுதியில் எரிபொருளே கவலை. ஜெட் ஏ-1 எரிபொருள் உறையும் வரம்பு மைனஸ் 47 டிகிரி, அமெரிக்காவில் புழங்கும் ஜெட் ஏ-க்கு மைனஸ் 40. நீண்ட நேரம் கடும் குளிர்க் காற்றில் பறந்தால் இறக்கைத் தொட்டிகளில் உள்ள எரிபொருள் அந்த அளவை நெருங்கும். அப்போது உயரத்தைக் குறைப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். அவசரத்துக்கு இறங்கினால் பயணிகளைக் குளிரிலிருந்து காக்கும் ஏற்பாடும் வேண்டும்.

இவ்வளவு தூரம் போக எரிபொருளைச் சுமப்பதே ஒரு செலவு. கூடுதலாக ஏற்றும் எரிபொருளில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மூன்று, நான்கு சதவீதம் அதைச் சுமக்கவே எரிந்துபோகும். சிங்கப்பூர்–நியூயார்க்குக்கென்று வந்த ஏ350-900யூ.எல்.ஆர். விமானம் 165,000 லிட்டர் கொள்ளும். அதில் இருக்கைகள் 161 மட்டுமே. வழக்கமான ஏ350-900-இல் 300-க்கு மேல் போடலாம். எதிர்காற்று மிக வலுவாக இருக்கும் நாட்களில் நீண்ட தூர விமானங்களில் சரக்கைக் குறைப்பதும், வழியில் இறங்கி எரிபொருள் நிரப்புவதும் நடக்கும்.

தூரத்திலிருந்து நேரத்துக்கு ஒரு விரைவுக் கணக்கு

டிக்கெட்டில் உள்ள பயண நேரம் கேட்டை விட்டு விமானம் நகர்வதில் தொடங்கி, மறு கேட்டில் நிற்பதில் முடிகிறது. துறையில் பிளாக் டைம் என்பார்கள். அதில் ரன்வேவரை உருளும் 15–30 நிமிடம், இறங்கிய பின் 5–15 நிமிடம், கொஞ்சம் முன்னெச்சரிக்கை நேரம் எல்லாம் அடக்கம். வானில் இருக்கும் நேரம் இதைவிட அரை மணி முதல் ஒரு மணி வரை குறைவு. விமானி "பறக்கும் நேரம் பதினேழரை மணி" என்று அறிவித்து, டிக்கெட்டில் பதினெட்டரை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

சூத்திரம்: பெருவட்டத் தூரத்தை (கி.மீ.) 850-ஆல் வகுத்து, 45 நிமிடம் கூட்டுங்கள். 900 இல்லாமல் 850 எடுப்பது பாதை வளைவுகளுக்காக. சோதித்துப் பாருங்கள்: பெர்த்–லண்டன் 14,500 கி.மீ., விடை 17 மணி 50 நிமிடம்; 2018 மார்ச்சில் தொடங்கிய அந்த நேரடிச் சேவை பதினேழரை மணி நேரத்தை ஒட்டியது. சிங்கப்பூர்–நியூயார்க் 15,349 கி.மீ., விடை 18 மணி 48 நிமிடம். பிறகு திசையைச் சேருங்கள்: நடு அட்சரேகைகளில் மேற்கே போனால் அரை மணி முதல் ஒரு மணி வரை கூட்டுங்கள், கிழக்கே போனால் அதே அளவு கழியுங்கள், குளிர்காலமென்றால் பெரிய எண்ணை எடுங்கள். நடுக்கோட்டுப் பகுதியிலும் வடக்கு–தெற்குப் பயணத்திலும் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆயிரம் கி.மீ.க்குக் குறைவான தூரத்துக்கு இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அங்கே ஏறுவதும் இறங்குவதும்தான் பயணம்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பது

டிக்கெட்டில் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் யூ.டி.சி.க்கு (உலகப் பொது நேரத்துக்கு) 8 மணி முன்னால், ஆண்டு முழுவதும் மாறாது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். வித்தியாசம் 13 அல்லது 12.

குளிர்காலத்தில் ஒரு திங்கள் இரவு 11.30-க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் செவ்வாய் மாலை 6.10. பதின்மூன்றைக் கழித்தால் நியூயார்க்கில் செவ்வாய் அதிகாலை 5.10. அதுதான் ஆறு மணி நேரம்கூட வராததன் காரணம். திரும்பும்போது திங்கள் இரவு 10.30-க்குக் கிளம்பினால் நியூயார்க் கணக்கில் செவ்வாய் மாலை 5.10, பதின்மூன்றைக் கூட்டினால் சிங்கப்பூரில் புதன் காலை 6.10. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +2 என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் செவ்வாய்க்கு ஹோட்டலும், அழைத்துப்போக வண்டியும் ஏற்பாடு செய்து ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

பசிபிக்கில் தேதிக்கோடு கடந்தால் இன்னும் விநோதம். குளிர்கால லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் ஆக்லாந்துக்கும் 21 மணி வித்தியாசம். ஆக்லாந்தில் இரவு 8 மணிக்குக் கிளம்பி 12 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே தேதி காலை 11 மணிக்கு இறங்குவீர்கள்.

பாதுகாப்பான முறை ஒன்றுதான்: இரண்டு நேரங்களையும் யூ.டி.சி.க்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். மார்ச்சிலும் அக்டோபர்–நவம்பரிலும் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்கள் லண்டன்–நியூயார்க் வித்தியாசம் ஐந்துக்குப் பதில் நான்கு. காத்மாண்டு 5 மணி 45 நிமிடம், அடிலெய்டு 9 மணி 30 நிமிடம் என்று முழு மணியில் அடங்காத ஊர்களும் உண்டு.

நடுவில் இறங்கி மாறினால்

நேரடி விமானம் இல்லாத ஜோடிகளில் இடைநிறுத்தத்தைத் தேர்ந்தெடுக்கத் தூரக் கணக்கு நன்றாக உதவும். லண்டன்–சிட்னி குறுகிய தூரம் சுமார் 17,020 கி.மீ. சிங்கப்பூர் வழி 10,880 + 6,300 = 17,180; வெறும் 160 கி.மீ. கூடுதல். துபாய் வழி 5,500 + 12,040 = 17,540. லாஸ் ஏஞ்சல்ஸ் வழி 8,780 + 12,050 = 20,830; நான்கரை மணி நேரம் வீண். முதல் இரண்டிலும் தூரத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

ஏனென்றால் ஒவ்வொரு நிறுத்தமும் தூரத்தால் அல்ல, தரையால் நேரத்தைத் தின்கிறது: இறங்க, உருள, காத்திருக்க, மறுபடி ஏற என்று குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம். இரு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், அந்த நிலையத்துக்கான குறைந்தபட்ச இடைவெளிக்குக் கீழே டிக்கெட் போடவே முடியாது. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்: பெட்டியை எடுத்து, இமிக்ரேஷன் தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், அந்த நாட்டில் நுழைய விசாவும் தேவைப்படலாம். நீண்ட தூரப் பயணத்தில் செக்-இன் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால், தனி டிக்கெட்டுகளுக்கு இடையே நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள். இரவில் மூடும் நிலையங்களையும் பாருங்கள்; சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு உண்டு, மாலை விமானம் சில மணி நேரம் தாமதமானால் அது மறுநாள் காலை விமானமாகிவிடும்.